முன்சாய்ப்புத் தூண்களும் மூன்று லிட்டர் எண்ணெயும்

எங்கள் வீட்டு முன்சாய்ப்பை, அதாவது திண்ணைக்கு மேல் சரிந்து நிற்கும் கூரையை, நான்கு அயினித் தூண்கள் தாங்குகின்றன. அயினி பலா இனத்து மரம். வீடு கட்டும்போது வீட்டைச் சுற்றிய எங்கள் புரையிடத்திலேயே நின்ற மரத்தை அறுத்து, கடைசல் பிடித்து, அப்பா நிறுத்தியவை. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். வீடு மேற்கே பார்த்தது. ஆனி, ஆடியில் காற்று மழையைச் சாய்த்துக்கொண்டு வந்து நேரே திண்ணையில் கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த மழை. இரண்டுக்கும் நடுவில் வெயில், வருஷம் முழுக்க உப்புக்காற்று. மரச் சாமானை வெளியே வைத்துக் காப்பாற்ற இதைவிட மோசமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா புதிதாகப் போட்ட மரக் கேட்டுக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடிவிட்டது. நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். எதையும் படிப்படியாகச் சொல்லாமல் விட முடியாது. சரி, வெளியே நிற்கிற மரத்துக்கு வார்னிஷை விட்டுவிட்டு ஆயில் ஸ்டெய்னுக்கு, அதாவது மரத்துக்குள் இறங்கும் நிற எண்ணெய்க்கு, நான் மாறிய கதையை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் கிணற்றங்கரையில் நின்ற பிலாவு (பலாமரம்) வேரோடு சாய்ந்தது. மரத்தை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, ஒரு வருஷம் சாய்ப்பில் காயப்போட்டோம். அதில் ஒரு பெஞ்சும் வாசல் படிப்புரைக்கு இரட்டைக் கதவும் செய்தோம். புதிதாக அறுத்த பிலாவு மஞ்சளாக இருக்கும், நாள் ஆக ஆகச் செம்பழுப்பாக மாறும். அந்த நிறம் போய்விடக்கூடாது என்பதுதான் என் ஆசை. 2019 தொடக்கத்தில் ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு தூண், பெஞ்சு, கதவு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடிக்கச் சொன்னேன்.

கண்ணாடி போல மின்னியது. வந்த சொந்தக்காரர்கள் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடி முடியும்போது தெற்கு ஓரத் தூணில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். கார்த்திகையில் நகத்தால் நெம்பினால் சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது, பாம்புச் சட்டை மாதிரி. உரிந்த இடத்தில் மரம் கறுத்து, தொட்டால் நசநசவென்று இருந்தது. பெயிண்டர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைத்தான் அவர் அடித்தார்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மழையில் மரம் ஈரம் வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். மேலே கெட்டியாக உட்கார்ந்திருக்கும் வார்னிஷ் படலம் அதோடு சேர்ந்து உப்பிச் சுருங்காது, வெடிக்கும். வெயில் வேறு. நிறமில்லாத வார்னிஷ் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்கி, மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடுகிறது. மரத்தின் மேல்தோலே பொடியாகிப் போனால் படலம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ஒரு விரிசல் விழுந்ததும் தண்ணீர் உள்ளே போகிறது. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. வார்னிஷே இல்லாத கிணற்றுக் கப்பி மரம் நரைத்தாலும் திடமாக இருந்தது. வார்னிஷ் அடித்த தூண் அழுகப் பார்த்தது. இதுதான் எனக்கு ஆத்திரம்.

கதவு செய்த ஆசாரி வந்து பார்த்தார். அறுபது வயதைத் தாண்டியவர். தூணைத் தட்டிப் பார்த்தார், உளி முனையால் குத்திப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் ஆவல்ல டீச்சரே. மரத்துக்கு எதுக்குக் கண்ணாடிச் சட்டை போட்டிய? எண்ணெ தேச்சு விட்டா போரும்."

அவர் சொன்ன எண்ணெய், கொல்லாங்கொட்டைத் தோட்டிலிருந்து எடுப்பது. முந்திரி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதுதான் எங்கள் பக்கத்தில் கொல்லாம், கொட்டை உடைக்கிற கம்பெனி அண்டியாபீஸ். அந்தத் தோட்டு எண்ணெயை வள்ளத்துக்கும் வீட்டுக் கூரை மரத்துக்கும் பூசுவது பழைய வழக்கம். சிதலும் (கறையான்) பூச்சியும் கிட்டே வராது. ஆனால் மரம் கறுத்துப்போகும். அதோடு அது தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். என் சித்தி அண்டியாபீசில் வேலை பார்த்தவர். அவர் விரல் நுனிகள் எப்படி இருந்தன என்பதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவள் நான். பிள்ளைகள் கட்டிப்பிடித்துச் சுற்றுகிற தூணுக்கு அது வேண்டாம் என்றேன். "அப்பம் கூரைக்கு மட்டும் பூசுவோம்" என்று கைமரங்களுக்கு அவரே பூசிக் கொடுத்தார். அந்த விஷயம் அதோடு முடிந்தது.

ஆனாலும் எண்ணெய் என்ற அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. கடியப்பட்டணம் கரையில் கவிழ்த்துப் போட்ட மர வள்ளங்களுக்கு மீனெண்ணெய் பூசிக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்றம் தெரு முக்கு வரை வரும். இப்போது கரையில் எல்லாம் ஃபைபர் வள்ளம். பிள்ளைகளுக்கு அந்த நாற்றமே தெரியாது. உப்புத் தண்ணீரிலேயே கிடந்த மரத்தை மேல்படலம் இல்லாமல் எண்ணெயை வைத்தே காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிற தூணுக்கு அது போதாதா?

அம்மா உடனே தேங்காய் எண்ணெய் என்றார். வீட்டில் ஆட்டிய எண்ணெய் டின் நிறைய இருந்தது. அம்மாவுக்காக ஒரு பலகைத் துண்டில் தேய்த்து வெயிலில் வைத்தேன். ஒரு மாதம் கழித்தும் பிசுபிசுப்பு போகவில்லை. தூசியெல்லாம் அப்பிக் காறல் வாடை அடித்தது. எண்ணெயில் காயும் எண்ணெய், காயாத எண்ணெய் என்று இரண்டு சாதி உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் எண்ணெயாகவே கிடக்கும். தலைக்கு நல்லது, தூணுக்கு ஆகாது. வெறும் ஆளிவிதை எண்ணெயை மட்டும் பூசினாலும் எங்கள் ஊர் ஈரத்தில் அதைத் தின்று பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் கடையில் விற்கிற வெளிமரத்து ஆயில் ஸ்டெய்னில் எண்ணெயோடு கொஞ்சம் ரெசின், இறங்குவதற்குக் கரைப்பான், வெயிலைத் தடுக்க நிறமி, பூஞ்சைக்கு மருந்து எல்லாம் கலந்து வருகிறது.

அதை வாங்கப் போனது தனிக் கதை. நாகர்கோவிலில் ஒரு பெயிண்ட் கடையில் "ஸ்டெய்ன் வேண்டும்" என்று கேட்டேன். பையன் கட்டைவிரல் உயரத்தில் ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினான். அது ஸ்டெய்னர், சுவர் பெயிண்டில் நிறம் சேர்க்கிற சாயம். அது இல்லை, மரத்துக்கு என்றேன். "வுட் ஸ்டெய்னா மேடம்" என்று இன்னொரு குப்பி. அது வீட்டுக்குள் இருக்கும் அலமாரி, கட்டிலுக்கு நிறம் ஏற்றுவது. அதற்கு மேலே வார்னிஷோ பாலிஷோ கட்டாயம் போட வேண்டும், அது தனியாக எதையும் காக்காது. மூன்றாவதாக நான் தேடியதை, மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்தார் கடைக்காரர். டப்பாவில் மூன்று விஷயம் பார்த்தேன்: வெளி உபயோகத்துக்கு என்று போட்டிருக்கிறதா, எண்ணெய் அடிப்படையா தண்ணீர் அடிப்படையா, மேலே வேறு கோட் கேட்கிறதா கேட்கவில்லையா. மூன்றாவது கேள்விக்கு 'கேட்கவில்லை' என்பதுதான் சரியான பதில்.

தண்ணீர் ஸ்டெய்னும் மோசமில்லை. சீக்கிரம் காயும், வாடை குறைவு, பிரஷ்ஷைக் கழுவத் தண்ணீர் போதும். ஆனால் எண்ணெய் அளவுக்கு மரத்துக்குள் இறங்காது, பெரும்பாலும் மேலாகவே நிற்கும். வார்னிஷிடம் அடி வாங்கியவளுக்கு 'மேலே நிற்கும்' என்ற சொல்லே ஆகவில்லை. எண்ணெய் உரியாது, வெளிறத்தான் செய்யும். வெளிறினால் கழுவிவிட்டு மேலேயே திரும்பப் பூசலாம், சுரண்ட வேண்டாம். வருஷக்கணக்கில் பார்த்தால் இதுதான் பெரிய லாபம்.

நிறம் எடுப்பதில்தான் அதிகம் குழம்பினேன். நிறமே இல்லாத தெளிவான எண்ணெய், நிறம் இருந்தும் மரத்தின் வரி தெரிகிற அரைத்தெளிவு, பெயிண்ட் போல எல்லாவற்றையும் மூடுவது என்று மூன்று வகை. என் கை முதலில் தெளிவானதற்குத்தான் போனது. பிலாவின் நிறம் அப்படியே தெரியுமே! ஆனால் வெயிலைத் தடுக்கிற வேலையைப் பெருமளவு செய்வது நிறமிதான், பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு. நிறமி இல்லாவிட்டால் எண்ணெய் இருந்தும் சீக்கிரமே மரம் நரைத்துவிடும். எங்கள் கடற்கரை மண்ணில் இல்மனைட் என்ற கருமணல் தாது எடுக்கிறார்கள். வெள்ளைப் பெயிண்டுக்கு வேண்டிய டைட்டானியம் டை ஆக்ஸைடைப் பெரும்பாலும் அந்தத் தாதுவிலிருந்துதான் செய்கிறார்கள். இத்தனை நிறமியை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, நான் நிறமி வேண்டாம் என்று நிற்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. முழுக்க மூடுகிறதும் பிடிக்கவில்லை. அப்பா கடைசல் பிடித்து நிறுத்திய மரத்தை மறைக்க மனம் வரவில்லை. அரைத்தெளிவில் தேக்கு நிறம் என்று முடிவு செய்தேன். வாங்குவதற்கு முன் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து, பெஞ்சின் அடிப்பக்கத்திலும் தூணின் பின்புறத்திலும் தடவிப் பார்த்தேன். ஒரே நிறம் பிலாவில் செம்மண்ணாகவும் அயினியில் வெல்லக் கருப்பாகவும் விழுந்தது. கடை அட்டையில் காட்டிய நிறம் இரண்டிலும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் டப்பாவை உடைக்காதீர்கள்.

எவ்வளவு வாங்குவது? இங்கேதான் என் படிப்பு உதவியது. தூண் சுற்றளவு இரண்டு அடி, உயரம் ஏழு, ஆக ஒன்றுக்குப் பதினான்கு சதுர அடி, நான்குக்கு 56. பெஞ்சு கால்களோடு 24. கதவு ஆறுக்கு நான்கு, இரண்டு பக்கமும் சேர்த்து 48. மொத்தம் 128. டப்பாவில் போட்டிருந்த கணக்குப்படி இரண்டு லிட்டர் தாராளம். ஆனால் அது நன்றாக இழைத்த புது மரத்துக்கான கணக்கு. எங்கள் தூண் தாகத்தோடு நின்றது. மூன்று லிட்டர் ஆனது. கடைசி டப்பாவுக்கு மறுபடி நாகர்கோவில் பஸ் ஏறினேன்.

இந்த வேலைக்கு எங்கள் மாவட்டத்தில் காலம் பார்ப்பதுதான் பெரிய பாடு. இரண்டு மழையும் பெய்கிற ஊர். சித்திரை, வைகாசியில் கோடை மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆடியில் ஆரல்வாய்மொழி வழியாக வருகிற காற்றில் கிழக்குப் பக்கத்து ஊர்களில் தூசி பறக்கும், ஈரமான எண்ணெய் மேல் அதெல்லாம் வந்து உட்காரும். மிச்சம் தை, மாசி, பங்குனியில் பாதி. 2021-இல் பொங்கல் வரைக்கும் மழை விடவில்லை. கொரோனாவால் ஏழாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறக்கவில்லை, என் வகுப்புகள் போனில்தான் நடந்தன. பிப்ரவரியில் வானம் வெளுத்ததும் இறங்கினேன்.

முதல் வாரம் முழுக்கச் சுரண்டல்தான். பட்டித்தகட்டால் பழைய வார்னிஷைச் சுரண்டி, அப்புறம் உப்புத்தாள். அறுபதாம் நம்பர் தாளில் தொடங்கி, எண்பது, நூறோடு நிறுத்தினேன். வீட்டுக்குள் இருக்கும் மேசைக்குப் போல 220 வரை போய் மினுக்கினால் மரத்தின் துவாரம் அடைபட்டு எண்ணெய் இறங்காது. கடைசல் பள்ளங்களில் உப்புத்தாளை நாடா மாதிரி கிழித்து, இரண்டு கையாலும் தயிர் கடைகிற மாதிரி இழுத்துத் தேய்த்தேன். தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. எங்கேயாவது துளி வார்னிஷ் மிச்சம் இருந்தால் அந்த இடம் எண்ணெய் குடிக்காமல் திட்டாக நிற்கும். வேறு வழியில்லை, முழுக்க எடுத்தாக வேண்டும்.

கதவின் கீல் ஆணிகளைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கறை. துரு என்று நினைத்து இரும்பு நாரால் தேய்க்கப் போனேன். ஆசாரி ஓடிவந்து கையைப் பிடிக்காத குறை.

"அந்த இரும்பு நாரு பொடிப்பொடியா மரத்துல தங்கும், டீச்சரே. அடுத்த மழைக்குக் கதவு பூராவும் கரும்புள்ளி குத்தும்."

கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மசி காய்ச்சுவார்களே, அதே சங்கதிதான் இது. மரத்திலிருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை. எழுத்துக்கு நல்லது, கதவுக்கு இல்லை. ஆக்சாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்துப் பூசினேன். பத்து நிமிஷத்தில் கறுப்பு கரைந்து மரம் பழைய நிறத்துக்கு வந்தபோது கூவிவிட்டேன். நரைத்த இடத்துக்கும் அதுவே கேட்டது. அது விஷம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் கோழியையும் தள்ளி அடைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இரும்பு ஆணிகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போட்டோம். கடல் பக்கத்தில் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கழுவுவது கறைக்காக மட்டுமில்லை. கடல்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் எண்ணெய் பூசினால் ஈரத்தைப் பூட்டிவைத்த மாதிரி. நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, ஐந்து நாள் காயவிட்டேன். காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் என்னிடம் இல்லை. விரலில் தண்ணீர் எடுத்துத் தெளித்துப் பார்த்தேன். துளி முத்தாக நின்றால் எண்ணெய்க்கும் அதே கதிதான், மரம் வாங்காது. உடனே உறிஞ்சிக் கறுத்தால் மரம் குடிக்கத் தயார்.

மேற்கு பார்த்த வீட்டில் ஒரு வசதி உண்டு. மதியம் வரை முன்பக்கம் நிழல். பனி உலர்ந்து எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்று வரை பூசலாம். சுடுகிற மரத்தில் பூசினால் எண்ணெய் இறங்கும் முன்பே மேலே காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். டப்பாக்களுக்கிடையே நிறம் சற்று மாறும் என்பதால் கையிலிருந்த இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினேன். நிறமி அடியில் கல்லாகப் படிந்திருந்தது. அடிவரை கம்பு விட்டு ஐந்து நிமிஷம் கலக்கினேன், நடுநடுவிலும் கலக்கினேன். கலக்காமல் பூசினால் முதல் தூணுக்கு வெறும் எண்ணெயும் கடைசித் தூணுக்கு வண்டலும்தான் கிடைக்கும்.

பன்றிமுடி பிரஷ்ஷில் தொட்டு, வரி போகிற போக்கிலேயே, ஒரு தூணை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பாதியில் விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனால், திரும்பி வந்து தொட்ட இடத்தில் இரட்டைக் கோடு விழுந்துவிடும். பூசிப் பதினைந்து நிமிஷம் கழித்து, மரம் குடித்தது போக மேலே நிற்பதைப் பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். இந்தத் துடைப்புதான் வேலையின் உயிர். காசு கொடுத்து வாங்கியதைத் துடைத்து எறிவதா என்று மனசு கேட்காது. துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெஞ்சு சாட்சி. பெஞ்சுக்குப் பூசி முடித்த நேரத்தில் என் வகுப்பு தொடங்கிவிட்டது. பின்னத்தைப் பெருக்கி வகுத்து முடித்து வெளியே வர ஒரு மணி நேரம். எண்ணெய் மேலேயே கோந்து மாதிரி இறுகத் தொடங்கியிருந்தது, அதில் எங்கள் பூனை படுத்து எழுந்து போயிருந்தது. முடியும் நான்கு காலடியும் அப்படியே பதிந்திருந்தன. டர்பன்டைனில் துணி நனைத்துத் தேய்த்து, மறுபடி மெல்லிசாகப் பூசித் துடைத்ததும் சரியானது. பூனைக்கு அடிவயிற்றில் தேக்கு நிறம் போக ஒரு மாதம் ஆனது.

புதுப் பிலாவு ஒரு கோட்டிலேயே போதும் என்றது. பழைய தூண்கள் இரண்டாவது கேட்டன. தூணின் அடியும் கதவுப் பலகைகளின் வெட்டுமுனைகளும் மூன்று தடவை வாங்கின. குறுக்கே வெட்டிய முனையில் மரத்தின் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். தண்ணீர் ஏறுவதும் அந்த வழியாகத்தான், அதனால் அங்கே கஞ்சத்தனம் கூடாது. தூண்கள் கல் மேல் நிற்பதால் சிதல் பயம் அவ்வளவு இல்லை. மரம் மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றால் எந்த ஸ்டெய்னும் சிதலைத் தடுக்காது, அதற்கு வேறு மருந்து.

இப்போது சொல்லப்போவதை அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். துடைத்த பனியன் வேஸ்ட்டையெல்லாம் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, விறகுப்புரையில் தேங்காய்க் கதம்பைக் குவியல் பக்கத்தில் வைத்துவிட்டேன். மத்தியானம் அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளே, என்னமோ கருகுகு. அடுப்பா?"

அடுப்பு அணைந்திருந்தது. வாளிக்குள் கையை விட்டேன். குவியலின் நடுவில் சுட்ட கிழங்கு மாதிரிச் சூடு. யாரும் தீ வைக்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டிக் குவித்தால் உள்ளேயே சேர்ந்து தானாகவே பற்றிக்கொள்ளும். நான் வாளியை முற்றத்துக்கு இழுத்துத் தண்ணீரைக் கொட்டினேன். கை நடுக்கம் சாயங்காலம் வரை நிற்கவில்லை. அன்றிலிருந்து எண்ணெய்த் துணியைக் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகே குப்பைக்கு அனுப்புகிறேன். இல்லாவிட்டால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் அமுக்கி வைக்க வேண்டும். டப்பாவில் சின்ன எழுத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். வாசித்துவிட்டுத் தொடங்கியிருந்தால் அம்மாவின் மூக்கை நம்ப வேண்டியிருந்திருக்காது.

ஒருநாளில் காயும் என்று போட்டிருந்தது. எங்கள் ஈரக்காற்றில் மூன்று நாள் ஆனது.

அந்த வருஷம் மே கடைசியிலும் நவம்பரிலும் குமரியில் பெய்த மழை இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். குளங்கள் உடைந்தன, ரோடுகள் போயின. மழை விட்டதும் முதல் வேலையாகத் தூணைத்தான் பார்த்தேன். தெற்கு ஓரத்தில் நிறம் கொஞ்சம் குறைந்திருந்தது. உரியவில்லை, கறுக்கவில்லை. ஆசாரி வந்து பார்த்து "கொள்ளாம்" (நன்றாயிருக்கிறது) என்று ஒரே சொல். அவரிடம் அது பெரிய சொல்.

எண்ணெய்க்கும் ஒரு எல்லை உண்டு என்பதை வேறொரு இடத்தில் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் தூண், உத்திரம், கொத்துவேலை என்று அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். தூண் வேலைக்குப் பிறகு போன தடவை கூரையின் விளிம்பைப் பார்த்தேன். சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது! சாய்வு எவ்வளவு! நூற்றாண்டுகளாக நிற்கிற மரத்துக்கு முதல் காவல் அந்த ஓட்டுக்கூரைதான். எங்கள் முன்சாய்ப்பில் ஓடு தூணைத் தாண்டி ஒன்றரை அடிதான் வெளியே நிற்கிறது. தெற்கு ஓரத்தில் அதுவும் இல்லை. அடுத்த கோடையில் இரண்டு வரி ஓடு நீட்டி, விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடத் தகரப் பாத்தி வைத்தோம். தரையில் விழுந்து தூணின் காலுக்குத் தெறிக்கிற தண்ணீர் அதோடு நின்றது. என்னைக் கேட்டால் டப்பா வாங்குமுன் கூரையைப் பாருங்கள் என்பேன்.

அக்காவின் கேட் ரப்பர் மரம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் மலிவு, மருந்து ஏற்றிய பலகை வீட்டுக்குள் நாற்காலி, கட்டிலுக்கு நன்றாக உழைக்கும். மழையில் நிற்கிற கேட்டுக்கு அது தாங்காது, எண்ணெயும் அதைத் தேக்காக மாற்றாது. பூசுங்கள், மேலே ஒரு சின்னக் கூரை போடுங்கள், அடுத்த தடவை அயினியோ பிலாவோ பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முகம் வாடிப்போனார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

2023-இல் இரண்டாம் தடவை பூசினேன். சுரண்டல் இல்லை, உப்புத்தாள் இல்லை. நல்ல தண்ணீரில் நைலான் பிரஷ்ஷால் கழுவி, காயவிட்டு, ஒரே கோட். ஒன்றரை நாள் வேலை, ஒன்றரை லிட்டர் எண்ணெய். மூன்றாம் தடவைக்கு முழு முகப்பையும் செய்யவில்லை, மழை படுகிற பக்கம் மட்டும்.

நேற்றுக் காலையில் செம்பில் தண்ணீர் எடுத்துப் போய் நான்கு தூணிலும் தெளித்துப் பார்த்தேன். வடக்கு ஓரத்து இரண்டிலும் துளி முத்தாக உருண்டு கீழே விழுந்தது. மூன்றாவதில் சற்று யோசித்துவிட்டு வழிந்தது. தெற்கு ஓரத்தில் மட்டும் உடனே உறிஞ்சிக் கறுத்தது. டப்பாவில் கால் லிட்டர் மிச்சம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. பூனையை உள்ளே அடைக்க வேண்டும்.